பதினைந்து கிலோ சீனி

சாமியை ஏமாற்றினால்தானே பாவம்? லோஷினி சாமியை ஏமாற்றவில்லை. கணக்குப் பார்த்தால் சாமிக்கு நாலு கிலோ சீனி லாபம். ஏமாந்தது அவளுடைய ஓரகத்தி யோகேஸ்வரி. கணவனின் அண்ணன் பெண்டாட்டியை ஏமாற்றியதற்கெல்லாம் எந்தச் சாமியும் கண்ணைக் குத்தாது என்பது லோஷினியின் கட்சி.

ஆனால் அன்று மத்தியானம் மூன்று வயது மகன் கவின் நெற்றி பிளந்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் அலறிக்கொண்டிருந்தபோது அந்தக் கட்சி ஆட்டம் காண ஆரம்பித்துவிட்டது.

ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சீனி எங்கே, நெற்றி எங்கே என்று முழிப்பீர்கள்.

லோஷினியின் கணவன் ரூபேந்திரன் வீட்டில் ஒரு வழக்கம். பிள்ளைக்கு மூன்று வயது முடிந்ததும் பண்டார் தெங்காராவில் இருக்கும் அம்மன் கோயிலில் துலாபாரம் போடுவார்கள். தராசின் ஒரு தட்டில் பிள்ளை, மறு தட்டில் எடைக்கு எடை சீனி. குடும்பம் பெர்மாஸ் ஜெயா, கூலாய், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடந்தாலும் துலாபாரம் என்றால் எல்லோரும் காரை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

வழக்கம் அதோடு நின்றால் நல்லது. நிற்காதே! தராசு காட்டிய எடை அந்தப் பிள்ளைக்குக் கூடப் பிறந்த பெயர் மாதிரி ஒட்டிக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் யாராவது கேட்டால், "இவன்தான் யோகேஸ்வரி மவன் ஜீவன். பதினாலரை கிலோ" என்பார்கள். ஜீவனுக்கு இப்போது எட்டு வயது. ரெண்டு பிளேட் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்கிற பிள்ளை. ஆனாலும் குடும்பத்தில் அவன் பதினாலரைதான்.

கவின் ஒல்லி. சாப்பிடுவான், ஓடுவான், ஆடுவான், சதை மட்டும் பிடிக்காது. அதற்கு லோஷினி என்ன செய்வாள்? ஆனால் யோகேஸ்வரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமே. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் பிள்ளையைத் தூக்கிக் கையில் ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் லோஷினி, இவனுக்குச் சோறு போடுறியா, இல்ல சோத்தோட போட்டோவக் காட்டிட்டு எடுத்து வெச்சிடுறியா?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். லோஷினியும் பல்லைக் காட்டுவாள். வீட்டுக்குப் போய் அழுவாள்.

துலாபாரத்துக்கு நாள் குறித்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் போச்சு. வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தாள். பதினொன்று. பாலில் முட்டை, தோசையில் நெய், வாழைப்பழம் என்று திணித்தாள். மறுபடி நிறுத்தாள். பதினொன்றேதான்! நெய் எல்லாம் எங்கே போனதென்று அந்த அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

அப்போதுதான் அவள் கண்ணில் ரூபேந்திரனின் தூண்டில் பெட்டி பட்டது.

ரூபேந்திரன் பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். லீவு கிடைத்தால் மீன் பிடிக்கப் போய்விடுவான். மீன் வந்ததை யாரும் பார்த்ததில்லை, சாமான் மட்டும் பெட்டி நிறைய இருக்கும். அதில் தூண்டிலை ஆழத்துக்கு இழுக்கிற ஈயக்குண்டுகள், கட்டைவிரல் பருமனில் குவிந்து கிடந்தன. ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தாள். கை தாழ்ந்தது. லோஷினியின் முகத்தில் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

பழைய தலையணை உறையைக் கிழித்து இடுப்புப் பட்டை தைத்தாள். சின்னச் சின்னப் பையாக மடித்து, குண்டுகளைப் போட்டு, வாயை மூடித் தைத்தாள். மொத்தம் நாலு கிலோ. பதினாலரையைத் தாண்டினால் போதும் என்றுதான் நினைத்தாள், பேராசை ஒன்றும் இல்லை.

"இது பவர் பெல்ட்டுடா கண்ணு," என்று கவினிடம் சொன்னாள். "யாருகிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா பவர் போயிடும். யாரு கழட்ட வந்தாலும் விடக் கூடாது, சரியா?"

கவின் கண்ணை அகல விரித்துத் தலையாட்டினான். பெற்றவள் சொன்னதைப் பிள்ளை ஒரு தடவையாவது சொன்னபடி கேட்கக் கூடாதா என்று ஏங்குகிறோம் இல்லையா? கேட்டான், பாவி, அன்றைக்குப் பார்த்துக் கேட்டான்.

கோயிலில் எல்லாம் அமோகமாக நடந்தது. ஜிப்பாவும் வேட்டியுமாக நின்ற மகனைத் தூக்கித் தட்டில் வைத்த ரூபேந்திரன், "ஏய், நல்லா கனத்துட்டான்டி!" என்று பூரித்துப் போனான். தன் சொந்த ஈயத்தைத் தூக்குகிறோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? சீனிப் பொட்டலங்கள் ஒவ்வொன்றாக ஏறின. பதிமூன்று. பதினாலு. யோகேஸ்வரி கழுத்தை நீட்டினாள். பதினைந்தாவது பொட்டலம் வைத்ததும் தட்டு சமமாக நின்றது. மேளக்காரர் கெட்டிமேளம் கொட்டினார். யாரோ போட்டோ எடுத்து 'நம்ம குடும்பம்' என்ற வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். "கவின் 15 கிலோ!!!" என்று மூன்று ஆச்சரியக்குறி. யோகேஸ்வரியின் முகத்தை லோஷினி ஆசை தீரப் பார்த்துக்கொண்டாள். அது பொய்யான வெற்றி என்று அவளுக்கு அந்த நேரத்தில் ஞாபகமே இல்லை.

பந்திக்கு முன்னால் பட்டையைக் கழற்றிவிடலாம் என்று கோயிலுக்குப் பின்பக்கம் கூட்டிப் போனாள். இடுப்பில் கை வைத்தாள்.

"பவர் போயிடும்!" என்று ஒரு கத்து கத்திவிட்டு ஓடினான் கவின். நாலு கிலோ ஈயத்தைக் கட்டிக்கொண்டு பதினொரு கிலோ பிள்ளை எவ்வளவு தூரம் ஓடும்? படியில் இறங்கும்போது இடுப்பு முன்னால் போனது, கால் பின்னால் நின்றுவிட்டது. தொப்பென்று குப்புற விழுந்தான். படியின் விளிம்பு பட்டுப் புருவத்துக்கு மேலே பிளந்துவிட்டது.

அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டுமா? ரத்தம், கூச்சல், "மஞ்சள் வை" என்று ஒரு கூட்டம், "தண்ணி குடு" என்று ஒரு கூட்டம். யோகேஸ்வரிதான் எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்து, தன் புதுச் சேலை முந்தானையை மடித்து நெற்றியில் வைத்து அழுத்தி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரூபேந்திரனின் மைவி காரில் ஏறினாள். லோஷினி பக்கத்தில் ஏறினாள்.

"அப்பப்பா, என்னா கனம்! தொடை மரத்துப் போச்சு," என்றாள் யோகேஸ்வரி செம்பனைத் தோட்டங்களைத் தாண்டும்போது. "இடுப்புல என்னா கெட்டியா குத்துது?"

"அரைஞாண்க்கா," என்றாள் லோஷினி. "வெள்ளி. கொஞ்சம் கெட்டியா செஞ்சுட்டோம்."

லோஷினியின் கை அவன் இடுப்புப் பக்கம் போனபோதெல்லாம் கவின், "அம்மா வேணாம்! பெரியம்மா!" என்று கத்தி யோகேஸ்வரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பிள்ளை ஏன் தாயைக் கண்டு மிரள்கிறான் என்று ரூபேந்திரன் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் குழம்பினான்.

எமர்ஜென்சியில் நல்ல கூட்டம். ரூபேந்திரன் கார் நிறுத்த இடம் தேடிப் போனான். ரத்தத்தைப் பார்த்ததும் இவர்களை உடனே உள்ளே அனுப்பிவிட்டார்கள். டாக்டர் ஷாஸியா இளம் வயதுக்காரர்; தலையில் தூடோங் முக்காடு, காலில் ரப்பர் செருப்பு. காயத்தைப் பார்த்தார்.

"எலும்புக்கு ஒண்ணும் ஆகல. பயப்படாதீங்க. ஆனா தையல் போடணும். கண்ணுகிட்ட இருக்கு, இவன் இப்படித் துள்ளுனா ஊசி எங்க போகும்னு தெரியாது. மயக்க மருந்து குடுத்துத் தூங்க வெச்சுத்தான் தைக்கணும். மிஸ்ஸி, வெயிட் எடுத்தாச்சா?"

மலர் என்கிற நர்ஸ் மிஸ்ஸி தராசைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் யோகேஸ்வரி முந்திக்கொண்டாள்.

"எடையெல்லாம் காலையிலயே பார்த்தாச்சு மிஸ்ஸி! கோயில்ல, அம்மன் முன்னாடி, ஊரே பார்க்க. பதினஞ்சு கிலோ!" இந்த ஊரில் அந்த எண்ணை அன்றைக்கு அதிகமாகச் சொன்னது யோகேஸ்வரிதான். தோற்றவளாக இருந்தாலும் குடும்பப் பெருமை என்று வந்துவிட்டால் விட்டுக் கொடுக்க மாட்டாள்.

"கோயில் கணக்கு இங்க செல்லாதுக்கா," என்றார் மலர். "சொன்ன எடைக்கு நாங்க மருந்து போடுறதில்ல. ஏத்துங்க."

லோஷினிக்கு உயிர் வந்தது. அப்பாடா, மெஷின் உண்மையைச் சொல்லிவிடும்! கோயில் தராசு பழசு, பிழை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அவள் வாயைத் திறக்கவே வேண்டாம். மனசுக்குள் அம்மனுக்கு இன்னொரு கிலோ சீனி நேர்ந்துகொண்டாள்.

கவின் தராசில் நிற்க மாட்டேன் என்றான். உட்காரவும் மாட்டேன் என்றான். பெரியம்மாவின் கழுத்தை விட மாட்டேன் என்றான்.

"பரவால்ல, அப்படியே அவனத் தூக்கிட்டு நீங்க ஏறுங்க. அப்புறம் நீங்க மட்டும் ஏறுங்க. கழிச்சுப் பார்த்தா இவன் எடை வந்திடும்," என்றார் மலர்.

யோகேஸ்வரியின் முகம் சுண்டிப் போனது. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். யோகேஸ்வரி அறுபத்தெட்டு கிலோ என்பது அவளே சொல்லிச் சொல்லிக் குடும்பத்தில் நிலைநாட்டிய உண்மை. பத்து வருஷமாக அறுபத்தெட்டு. சேலைக் கடையில், ஜிம்மில் சேரப் போய்ச் சேராமல் வந்தபோது, எல்லா இடத்திலும் அறுபத்தெட்டு. பார்க்கிற யாரும் நம்பவில்லை. வாய்விட்டுச் சொல்லும் துணிச்சலும் யாருக்கும் இல்லை.

"நானா? எதுக்கு மிஸ்ஸி? இவ அம்மாதானே, இவ ஏறட்டும்!"

"அம்மா வேணாம்!" என்று வீறிட்டான் கவின்.

"அலமாக்," என்றாள் யோகேஸ்வரி. கொஞ்ச நேரம் தராசையே முறைத்தாள். "சரி. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க. நீங்க மட்டும் பாருங்க மிஸ்ஸி. எண்ணைச் சத்தமா சொன்னீங்க, நான் இறங்கிப் போயிட்டே இருப்பேன்."

டாக்டர் திரும்பிக்கொண்டார். மருந்து எடுக்க நின்ற அக்பர் என்கிற உதவியாளர் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தை அக்கறையோடு படித்தார். லோஷினியும் திரும்பி நின்று, பதினொன்று என்ற சொல் காதில் விழக் காத்திருந்தாள். யோகேஸ்வரி பிள்ளையோடு ஏறினாள்; அப்புறம் கத்தக் கத்த அவனை ஒரு நொடி கட்டிலில் இறக்கிவிட்டுத் தனியாக ஏறினாள்.

"பிள்ளை எடை பதினஞ்சு புள்ளி ரெண்டு," என்றார் மலர்.

லோஷினி சட்டென்று திரும்பினாள். அது எப்படி? அப்புறம்தான் உறைத்தது. பட்டை! கடவுளே, பட்டை இன்னும் அவன் இடுப்பில்தானே இருக்கிறது!

"பார்த்தீங்களா? சாமி தராசு தப்பாகுமா?" என்றாள் யோகேஸ்வரி, இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு.

டாக்டர் ஷாஸியா கவினின் கையைப் பிடித்துப் பார்த்தார். குச்சி மாதிரி மணிக்கட்டு. "பார்த்தா பதினஞ்சு மாதிரி தெரியலையே."

"மெஷின் சொல்லுது டாக்டர்," என்றார் மலர்.

டாக்டர் மருந்தின் அளவைச் சொன்னார். அக்பர் அதை அப்படியே திருப்பிச் சொன்னார். மலர் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்து, "பதினஞ்சு கிலோவுக்குச் சரி," என்றார். அக்பர் ஊசிக்குழலில் மருந்தை ஏற்றி, வெளிச்சத்தில் பிடித்து மலரிடம் காட்டினார். மலர் பார்த்துத் தலையாட்டினார். அடடா, என்ன ஒழுங்கு, என்ன கவனம்! ஒருத்தர் செய்வதை இன்னொருத்தர் பார்க்கிறார். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் திருப்பிச் சொல்கிறார். எல்லாம் அச்சுப் பிசகாமல் ஈயக்குண்டுக்கும் சேர்த்து நடந்துகொண்டிருந்தது.

லோஷினி ஊசிக்குழலைப் பார்த்தாள். "டாக்டர், இந்த மருந்து... கொஞ்சம் கூடிப் போனா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"சின்னப் பிள்ளைங்களுக்கு எல்லாமே கிலோ கணக்குதான்மா. கூடிப் போனா மூச்சு இறங்கிப் போயிடும். அதனாலதான் இவ்வளவு பார்க்கிறோம். நீங்க கவலப்படாதீங்க, எல்லாம் நிறுத்துத்தான் எடுத்திருக்கு."

மூச்சு! எப்படியாவது பட்டையைக் கழற்றி, மறுபடி நிறுக்க வைத்துவிட்டால் போதும்.

"டாக்டர், அவனுக்கு ஒண்ணுக்கு வருதாம். ஒரு நிமிஷம் நான் டாய்லெட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுறேன்."

"வரல!" என்றான் கவின்.

"சட்டையாவது மாத்திடட்டுமா? ஒரே ரத்தமா இருக்கு."

அவள் ஜிப்பாவைத் தொட்டாளோ இல்லையோ, கவின் காலை உதைத்து அலறிய அலறலில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "புள்ளைய ஏன்டி படுத்துற?" என்று யோகேஸ்வரி அதட்டினாள்.

"அப்போ... ஊசியக் கொஞ்சம் கம்மியா போடுங்களேன் டாக்டர்? ஒரு பதினோரு கிலோ புள்ளைக்குப் போடுற மாதிரி?"

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா, கறிக்கு உப்பா போடுறோம்? கம்மியா போட்டா பாதியில முழிச்சிப்பான். அது எதுக்கு, குறிப்பா பதினொண்ணு?"

"சும்மா சொன்னேன்," என்றாள் லோஷினி.

அந்த நேரம் பார்த்து ரூபேந்திரனும் உள்ளே வந்து சேர்ந்தான். யோகேஸ்வரி இந்தப் பக்கம், புருஷன் அந்தப் பக்கம். சொன்னால் என்ன ஆகும்? சாமி முன்னால் பித்தலாட்டம் செய்தவள் என்ற பெயர். கவின் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "இவன்தான் ஈயக்குண்டு" என்பார்கள். கிழவனாகி நரைத்தாலும் அவன் ஈயக்குண்டுதான். அந்தக் குடும்பம் எதையும் மறக்காது. யோகேஸ்வரி மறக்கவும் விட மாட்டாள்.

டாக்டர் ஊசியைக் கையில் வாங்கினார். உடனே போட்டுவிடவில்லை. அங்கே ஒரு பழக்கம், மருந்து போடுவதற்கு முன்னால் எல்லோரும் கையை நிறுத்தவேண்டும்.

"பேரு கவின். வயசு மூணு. எடை பதினஞ்சு புள்ளி ரெண்டு. ஒவ்வாமை எதுவும் இல்ல. இங்க இருக்கிற யாருக்காவது, யாரா இருந்தாலும் சரி, சின்ன சந்தேகம் இருந்தாலும் இப்பவே சொல்லணும்."

கவின் விசும்பிக்கொண்டிருந்தான். முந்தானைக்குக் கீழே அவன் நெஞ்சு ஏறி இறங்குவது லோஷினிக்குத் தெரிந்தது. ஏறியது, இறங்கியது. அவள் அதையே பார்த்தாள். ஊரும் உறவும் போய் நாசமாகட்டும் என்று தோன்றியது.

"நிறுத்துங்க டாக்டர்! அவன் பதினஞ்சு இல்ல. பதினொண்ணு!"

எல்லோரும் திரும்பினார்கள். லோஷினி ஒரே எட்டில் போய், மகனின் கத்தலைக் காதில் வாங்காமல் ஜிப்பாவை மேலே தூக்கி, பட்டையின் முடிச்சைப் பிடித்து இழுத்தாள். அவசரத்தில் தையல் பிரிந்தது. ஈயக்குண்டுகள் எவர்சில்வர் தட்டில் டங் டங்கென்று விழுந்து, தரையில் உருண்டு, கட்டில்களுக்கு அடியில் நாலா பக்கமும் ஓடின. ஒன்று மெதுவாக உருண்டு போய் ரூபேந்திரனின் செருப்பில் முட்டி நின்றது.

குனிந்து எடுத்துப் பார்த்தான். "இது என் ஈயம்லா!"

"பவர் போச்சு!" என்று கவின் ஓவென்று அழுதான்.

லோஷினி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். துலாபாரம், பதினாலரை, தலையணை உறை எல்லாம். யோகேஸ்வரியின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "எம்புள்ளைய எல்லாரும் எலும்பு எலும்புன்னாங்க டாக்டர். ஒரு நாளாவது யாரும் சொல்லாம இருக்கட்டும்னுதான்..." அழுகை வந்துவிட்டது.

டாக்டர் ஷாஸியா கையிலிருந்த ஊசியைத் தனியே வைத்தார். திட்டுவார் என்று லோஷினி காத்திருந்தாள். அவரோ நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நிறுத்தோம், சத்தமா சொன்னோம், ரெண்டு பேர் பார்த்தோம். எல்லாம் பண்ணிட்டு, உடுப்போட நிறுத்திருக்கோம். அது எங்க தப்பு. நீங்க சொல்லிட்டீங்க பாருங்க, அது போதும். அக்பர், அதைக் கொட்டிடுங்க. மறுபடி மொதல்லேருந்து. உடுப்பு இல்லாம. இந்தத் தடவ எல்லா எண்ணும் சத்தமா சொல்லணும், போர்ட்ல எழுதணும், நான் கண்ணால பார்க்கணும்."

எல்லா எண்ணும்.

மலர் தயங்கி யோகேஸ்வரியைப் பார்த்தார். கவினோ இப்போது ஜட்டியோடு அவள் தோளில் முகத்தைப் புதைத்து, அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தான். அறையில் ரூபேந்திரன் இருந்தான், அக்பர் இருந்தார், எழுந்து உட்கார்ந்த பக்கத்துக் கட்டில் பெரியவர் இன்னும் படுக்கவில்லை.

யோகேஸ்வரி செருப்பைக் கழற்றினாள். கழுத்துச் சங்கிலியை, வளையலை எல்லாம் கழற்றி ரூபேந்திரனின் கையில் கொடுத்தாள். தராசில் ஏறி நின்றாள்.

"நூத்தி மூணு புள்ளி ஆறு," என்று மலர் உரக்கப் படித்தார். டாக்டர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அழுகிற பிள்ளையைக் கொஞ்ச நேரம் அக்பர் வாங்கிக்கொள்ள, யோகேஸ்வரி தனியாக நின்றாள்.

"தொண்ணூத்தி ரெண்டு புள்ளி நாலு."

ரூபேந்திரன் வாயைத் திறந்தான். அண்ணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். வெள்ளைப் பலகையில் மலர் பெரிதாக எழுதிக் கழித்தார். பதினொன்று புள்ளி இரண்டு. டாக்டர் புதிதாகக் கணக்குப் போட, அக்பர் புதிதாக எடுக்க, மலர் மறுபடி பார்த்தார். ஊசி போட்ட சற்று நேரத்தில் கவின் பெரியம்மாவின் விரலைப் பிடித்தபடி தூங்கிப் போனான். தையல் முடியும்வரை லோஷினி அவன் நெஞ்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது ஏறியது, இறங்கியது, ஒழுங்காக.

"முழிக்கிற வரைக்கும் இங்கயே இருங்க," என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். ரூபேந்திரன் கட்டில் கட்டிலாகக் குனிந்து தன் குண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். போகிற வழியில் மலர், அடுத்து வந்த பிள்ளையின் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தராசில் ஏற்றினார்.

கட்டிலுக்கு இரண்டு பக்கமும் ஓரகத்திகள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். யோகேஸ்வரி கைப்பேசியை எடுத்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் டொக்கு டொக்கென்று தட்ட ஆரம்பித்தாள். லோஷினிக்கு உயிரே போய்விட்டது. குழுவில்தான் போடுகிறாள். போடாமல் இருப்பாளா? இத்தனை பெரிய விஷயம் கையில் கிடைத்து, யோகேஸ்வரி சும்மா இருந்தால் சூரியன் மேற்கே உதிக்கும்.

"அக்கா," என்றாள் லோஷினி. "என்னப் பத்தி என்ன வேணா எழுதுங்க. புள்ளைக்குப் பேரு வெச்சிடாதீங்க."

யோகேஸ்வரி நிமிரவில்லை. "ஒன்னைய இப்படிப் பண்ண வெச்சது யாரு? என் வாய்தான். போட்டோவுல சோறு காட்டுறியான்னு கேட்டேன்ல? நல்லா வேணும் எனக்கு." கண்ணாடிக்குப் பின்னால் கண் கலங்கியிருந்தது. "பேசாம இரு. எனக்கு எழுத்து மாறிப் போவுது."

ஒருவழியாகத் தட்டி முடித்து அனுப்பினாள். லோஷினியின் மடியில் கைப்பேசி சிணுங்கியது. பயந்துகொண்டே திறந்தாள்.

'எல்லாரும் கவனிக்கவும். கவின் நல்லா இருக்கான். அவன் சரியான எடை 11.2. காலையில பார்த்தது தப்பு. நாளைக்கு யாரு அவன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாலும் 11.2ன்னுதான் சொல்லணும். என் எடை 92.4. அறுபத்தெட்டுன்னு நான் சொன்னது பொய். இப்படிக்கு யோகேஸ்வரி.'

லோஷினி இரண்டு தடவை படித்தாள். ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அக்கா! அந்தத் தொண்ணூத்திரண்ட எதுக்குக்கா போட்டீங்க? யாரு கேட்டா?"

"அட மக்கு," என்றாள் யோகேஸ்வரி. தூங்குகிற கவினின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "நம்ம குடும்பத்தைப் பத்தி ஒனக்குத் தெரியாதா? இனிமே எவனாவது பதினோரு கிலோவப் பத்திப் பேசுவான்னு நினைக்கிற?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் கைப்பேசி சிணுங்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, அப்புறம் விடாமல். சிங்கப்பூரிலிருந்து ஒன்று, கூலாயிலிருந்து நாலு. யோகேஸ்வரியின் சொந்தப் புருஷன் வசந்தன் கோயிலில் சீனி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, 'தொண்ணூத்தி ரெண்டா???' என்று கேட்டிருந்தான்.

லோஷினி கீழேவரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கவினைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.